ஆல்ஃபா-அமானிட்டின் கொடுத்தும் தவளைக் கரு பிளந்துகொண்டே போவது ஏன்? லித்தியம் தடுக்கும் நொதி எது?

விலங்கியல் மாணவி:

முதுகலை விலங்கியல் இரண்டாம் ஆண்டில் படிக்கிறேன். நொதித் தடுப்பான்கள் விலங்குகளின் தொடக்ககாலக் கருவளர்ச்சியில் ஏற்படுத்தும் விளைவுகள் என்ற பொருளில் கருத்தரங்கக் கட்டுரை ஒன்று எழுத வேண்டியிருக்கிறது. ஆய்வுக் கட்டுரைகளைப் படித்துக் குறிப்பெடுக்கும்போது இரண்டு இடங்களில் தடுமாறி நிற்கிறேன். கருவியலிலும் உயிர்வேதியியலிலும் பயிற்சியுள்ளவர்கள் இங்கே இருப்பதால் கேட்கிறேன்.

முதலாவது, ஆல்ஃபா-அமானிட்டின். அமானிட்டா ஃபலாய்டிஸ் என்னும் நச்சுக் காளானிலிருந்து கிடைக்கும் இந்தச் சேர்மம், தூது ஆர்.என்.ஏ.வைப் படியெடுக்கும் ஆர்.என்.ஏ. பாலிமரேஸ்-2 என்னும் நொதியைத் தடுக்கிறது. அந்த நொதி விலங்குகள் அனைத்திலும் பெரிதும் ஒத்த அமைப்புடையது. அப்படியிருந்தும் இதே நஞ்சைப் பெற்ற சுண்டெலிக் கரு இரண்டு செல் நிலையில் நின்றுவிடுகிறது. பசுவின் கரு எட்டு முதல் பதினாறு செல்வரை போகிறது. ஜெனோபஸ் தவளையின் கருவோ ஆயிரக்கணக்கான செல்களாகப் பிளந்த பிறகுதான் தடுமாறுகிறது. இதை வைத்து, "சுண்டெலிக்கு அந்த நொதி இரண்டு செல் நிலையில் தேவைப்படுகிறது, தவளைக்குப் பிளாஸ்டுலா (உள்ளே குழியுடைய செல் பந்து) நிலை முடியும்வரை தேவைப்படுவதில்லை" என்று எழுதுவது சரியாகுமா?

இரண்டாவது, லித்தியம். தவளைக் கருவை லித்தியம் குளோரைடு கரைசலில் சிறிது நேரம் வைத்தால் உடலின் பெரும்பகுதி தலையாகவே மாறிவிடுகிறது என்பதில் எல்லா நூல்களும் ஒத்துப்போகின்றன. ஆனால் காரணம் என்று வரும்போது ஒரு பழைய நூல் இனோசிட்டால் மோனோபாஸ்பட்டேஸ் தடுக்கப்படுவதைச் சொல்கிறது. புதிய நூல்கள் ஜி.எஸ்.கே.-3 என்னும் கைனேஸை, அதாவது புரதங்களில் பாஸ்பேட் சேர்க்கும் நொதியை, சொல்கின்றன. லித்தியம் இரண்டையுமே தடுக்கக்கூடியது என்றால், கருவில் தெரியும் விளைவுக்கு இன்ன நொதிதான் பொறுப்பு என்று எப்படி முடிவுக்கு வந்தார்கள்?

ஜெனோபஸ்கூடம்:

முதல் கேள்விக்கு மட்டும் நான் விடை சொல்கிறேன். இரண்டாவதை உயிர்வேதியியல் அறிந்தவர்களுக்கு விட்டுவிடுகிறேன்.

நீங்கள் எழுத நினைக்கும் வாக்கியம் சரியாகாது. தடுப்பான் நிறுத்துவது நொதியின் வேலையைத்தான். அந்த நொதி முன்பே செய்து வைத்துவிட்ட பொருளை அது தொடுவதில்லை. முட்டை தாயின் உடலில் முதிர்ந்து வரும்போதே தூது ஆர்.என்.ஏ.க்களும் புரதங்களும் ரைபோசோம்களும் அதற்குள் பெருமளவில் சேர்த்து வைக்கப்படுகின்றன. வீட்டுக் குதிரில் நெல் இருக்கும்வரை ஊரில் கடையடைப்பு நடப்பது உறைக்காது என்பதைப் போல, அந்தத் தாய்வழிச் சேமிப்பு தீரும்வரை படியெடுத்தல் நின்றுபோனதைக் கரு வெளிக்காட்டுவதில்லை. ஆகவே ஆல்ஃபா-அமானிட்டின் பெற்ற கரு எந்த நிலையில் நிற்கிறதோ அது சேமிப்பு போதாமற்போன நிலை என்று மட்டுமே சொல்ல முடியும். நொதி எந்த வேளையில் தேவைப்பட்டது என்பது வேறு கேள்வி, அதற்கு வேறு சோதனை வேண்டும்.

இந்தச் சேமிப்பின் வலிமை தடுப்பான்கள் பரவலாகப் பயன்படுவதற்கு முன்பே தெரிந்த செய்திதான். கடல் முள்ளெலியின் முட்டையைச் சுழல்விசையால் இரண்டாகப் பிரித்து, உட்கரு இல்லாத துண்டைச் செயற்கையாகத் தூண்டிவிட்டால் அதுவும் பிளந்து பிளந்து செல் திரளாகிறது என்று எத்தெல் பிரவுன் ஹார்வி 1936-இல் காட்டினார். மரபணுவே இல்லாத துண்டு பிளக்கிறது என்றால், பிளவுக்கு வேண்டிய கருவிகள் அனைத்தும் சைட்டோபிளாசத்தில் ஏற்கெனவே இருந்தாக வேண்டும். 1960-களில் ஆக்டினோமைசின்-டி கொடுத்த கடல் முள்ளெலிக் கருக்கள் பிளாஸ்டுலா வரை பிளந்தபோது இதே முடிவு மறுபடியும் உறுதிப்பட்டது. ஆக்டினோமைசின் நொதியைப் பற்றுவதில்லை, டி.என்.ஏ.வைப் பற்றிக்கொண்டு படியெடுத்தலை மறிக்கிறது. எனவே உங்கள் தலைப்பின் எல்லைக்குள் அதைச் சேர்ப்பதானால் இந்த வேறுபாட்டை ஒரு வரியில் குறிப்பிட்டுவிடுங்கள்.

ஜெனோபஸ் பற்றிய அடிப்படைச் சோதனைகளை நியூபோர்ட்டும் கிர்ஷ்னரும் 1982-இல் வெளியிட்டார்கள். அறை வெப்பநிலையில் முதல் பிளவு கருவுற்று ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் நிகழும். அதன்பின் அரை மணிக்கு ஒன்றாக, ஒரே தாளத்தில், பன்னிரண்டாம் பிளவு வரை போகும். அப்போது கருவில் ஏறத்தாழ 4,000 செல்கள் இருக்கும். அந்தக் கட்டத்தில்தான் தாளம் குலைந்து, செல் சுழற்சி நீண்டு, செல்கள் அசையத் தொடங்கி, கருவின் சொந்த மரபணுக்களும் பெருமளவில் படியெடுக்கப்படுகின்றன. இதையே இடைப் பிளாஸ்டுலா மாற்றம் என்கிறோம். ஆல்ஃபா-அமானிட்டின் செலுத்தப்பட்ட கருவிலும் தாளம் மாறுவது உரிய நேரத்திலேயே நடக்கிறது. ஆனால் கேஸ்ட்ருலாவாக மடியும் வேலை நடப்பதில்லை. அதாவது, சுழற்சி நீள்வதற்குப் புதிய படியெடுத்தல் தேவையில்லை, செல்கள் இடம்பெயர்ந்து அடுக்குகளாவதற்குத் தேவை. ஒரே தடுப்பான் ஒரே கருவில் இரண்டு நிகழ்ச்சிகளை இப்படித் தனித்தனியாகப் பிரித்துக் காட்டியதுதான் அந்தச் சோதனையின் அழகு என்பது என் கருத்து.

இங்கே புரத உற்பத்தியைத் தடுக்கும் சேர்மங்களை ஒப்பிட்டுப் பாருங்கள். சைக்ளோஹெக்சிமைடு கொடுத்தால் தவளைக் கரு பிளாஸ்டுலாவுக்காகக் காத்திருப்பதில்லை. அடுத்த பிளவுக்கே போக முடியாமல் நின்றுவிடுகிறது. தூது ஆர்.என்.ஏ. சேமிப்பில் இருக்கிறது, ஆனால் அதிலிருந்து ஒவ்வொரு சுழற்சிக்கும் புதிதாக உருவாக்கியே தீர வேண்டிய புரதம் ஒன்று இருக்கிறது என்பதே இதன் பொருள். டிம் ஹண்ட் 1982-ஆம் ஆண்டுக் கோடையில் உட்ஸ் ஹோல் கடல் உயிரியல் ஆய்வகத்தில் ஆர்பேசியா என்னும் கடல் முள்ளெலியின் முட்டைகளில் அதைக் கண்டார்: தொடர்ந்து திரண்டு, ஒவ்வொரு பிளவின்போதும் திடீரென மறையும் புரதம். சைக்ளின் என்ற பெயர் அதற்கு அப்படித்தான் வந்தது. 2001-இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்ததும் இந்தப் பணிக்காகத்தான். முட்டைச் சாற்றிலிருந்த தூது ஆர்.என்.ஏ. முழுவதையும் அழித்துவிட்டுச் சைக்ளினுக்கு உரியதை மட்டும் திரும்பச் சேர்த்தால் சுழற்சி மறுபடியும் ஓடுகிறது என்று மரேயும் கிர்ஷ்னரும் 1989-இல் காட்டியதும் அந்தக் கதை நிறைவு பெற்றது.

இன்னொரு செய்தியும் உங்கள் கட்டுரைக்கு உதவும். தவளைக் கருவுக்கு இடைப் பிளாஸ்டுலா மாற்றத்துக்கு முன் ஆல்ஃபா-அமானிட்டினையோ சைக்ளோஹெக்சிமைடையோ, ரைபோநியூக்ளியோட்டைடு ரிடக்டேஸைத் தடுக்கும் ஹைட்ராக்சியூரியாவையோ கொடுத்தால், தடுக்கப்பட்ட செயல் வெவ்வேறாக இருந்தபோதும், கருக்கள் கேஸ்ட்ருலா தொடங்க வேண்டிய வேளையில் ஒரேசேரச் செல்மடிவுக்கு ஆளாகின்றன. 1997-இல் பல ஆய்வுக் குழுக்கள் இதைத் தனித்தனியே கண்டறிந்தன. எனவே "கேஸ்ட்ருலாவில் இறந்தது" என்ற ஒற்றைக் குறிப்பிலிருந்து எந்த நொதி தடுக்கப்பட்டது என்று ஊகிக்க முயல வேண்டாம்.

ஆநிரைக் கருவியல்:

ஜெனோபஸ்கூடம் அவர்கள் சொன்னது அனைத்தும் சரி. பாலூட்டிகளைப் பொறுத்தவரை சிலவற்றைச் சேர்க்கிறேன். நான் கால்நடை மருத்துவத் துறையில் கருமாற்றப் பணி செய்பவன் என்பதால் என் பார்வை பெரும்பாலும் வளர்ப்பு ஊடகத்தில் இருக்கும் கருவைப் பற்றியதாகவே இருக்கும்.

முதலில், செல்களின் எண்ணிக்கையை வைத்து இனங்களை ஒப்பிடுவதை விட்டு மணிக்கணக்கை வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். ஜெனோபஸ் தன் பன்னிரண்டு பிளவுகளையும் ஏறத்தாழ ஏழு மணி நேரத்தில் முடித்துவிடுகிறது. வரிக்குதிரை மீன் பத்தாம் சுழற்சியை, அதாவது ஏறத்தாழ ஆயிரம் செல் நிலையை, மூன்று மணி நேரத்தில் எட்டுகிறது. சுண்டெலியின் முதல் பிளவுக்கே ஏறத்தாழ இருபது மணி நேரம் ஆகிறது. ஆகவே "இரண்டு செல்லிலேயே நின்றுவிட்டது" என்று நமக்குத் தோன்றும் சுண்டெலிக் கரு, கடிகாரத்தின்படி தவளைக் கருவைவிட மூன்று மடங்குக்கும் மேலான காலம் தாய்வழிச் சேமிப்பில் வாழ்ந்திருக்கிறது. பசுவின் கரு எட்டு, பதினாறு செல் நிலையைத் தொடும்போது மூன்று நான்கு நாட்கள் கடந்திருக்கும். முன்னே நிற்பது யார், பின்னே நிற்பது யார் என்ற வரிசை அளவுகோலுக்குத் தக்கபடி மாறிவிடுகிறது.

இனங்களிடையே உள்ள வேறுபாட்டைப் பொறுத்தவரை, ஆல்ஃபா-அமானிட்டின் போன்ற தடுப்பான்களைக் கொண்டும் வேறு முறைகளைக் கொண்டும் பெற்ற படம் ஏறத்தாழ இதுதான்: சுண்டெலியில் இரண்டு செல், பன்றியில் நான்கு செல், பசுவிலும் செம்மறியாட்டிலும் எட்டு முதல் பதினாறு செல். மனிதக் கருவில் நான்கு செல்லுக்கும் எட்டு செல்லுக்கும் இடையே கருவின் சொந்த மரபணுக்கள் வெளிப்படத் தொடங்குகின்றன என்று பிராட், போல்ட்டன், மூர் ஆகியோர் 1988-இல் காட்டினார்கள். இவை பெரும்படியான எழுச்சிக்கு உரிய நிலைகள். அதற்கு முன்பே சிறிய அளவில் படியெடுத்தல் தொடங்கிவிடுகிறது. சுண்டெலியில் அது ஒரு செல் நிலையின் பிற்பகுதியிலேயே தொடங்குகிறது.

அடுத்து, தடுப்பான் நொதியைச் சென்றடைந்ததா என்னும் கேள்வி. நூல்கள் இதை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. ஆய்வகத்தில் பாதித் தொல்லை இதில்தான் இருக்கிறது. ஆல்ஃபா-அமானிட்டின் செல் சவ்வை மிக மெதுவாகக் கடக்கும் பொருள். தவளையிலும் மீனிலும் அதை ஊசியால் உள்ளே செலுத்துகிறார்கள். சுண்டெலிக் கருவுக்கு ஊடகத்தில் கலந்து கொடுக்கலாம் என்றாலும், கலந்த கணமே படியெடுத்தல் நின்றுவிட்டதாகக் கருதக்கூடாது. கொழுப்பில் கரையும் தடுப்பான்களில் வேறு விதமான சிக்கல் உண்டு. பாலூட்டிக் கருக்களை எண்ணெய்ப் படலத்தின் கீழே சிறு துளிகளில் வளர்க்கிறோம். அத்தகைய சேர்மம் துளியிலிருந்து எண்ணெய்க்குள் கசிந்து போய்விடுவதால், குறிப்பேட்டில் எழுதிய செறிவு வேறாகவும் கரு உணரும் செறிவு வேறாகவும் ஆகிவிடும். ஊடகத்தில் சேர்க்கும் ஆல்புமின் புரதமும் சில சேர்மங்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தடுப்பானைக் கரைத்த டைமெத்தில் சல்ஃபாக்சைடு மட்டும் பெற்ற ஒப்பீட்டுத் தொகுதி இல்லாத கட்டுரையை நான் பொருட்படுத்திப் படிப்பதில்லை.

அணுகல் பற்றிய மிகச் சிறந்த எடுத்துக்காட்டு உவாபயின். கருப்பையில் பதியுமுன் பாலூட்டிக் கரு அடையும் பிளாஸ்டோசிஸ்ட் நிலையில் அதன் உள்ளே நீர் நிறைந்த குழி உருவாவதற்குச் சோடியம்-பொட்டாசியம் ஏ.டி.பி.ஏஸ் என்னும் நொதி சோடியத்தை உட்புறமாகத் தள்ளுவதே முதன்மைக் காரணம். நீர் அதைத் தொடர்ந்து உள்ளே வருகிறது. உவாபயின் இந்த நொதியைத் தடுக்கும். ஆனால் அந்த நொதி புறச்செல் அடுக்கின் குழியை நோக்கிய பக்கத்தில் பெரும்பாலும் அமைந்திருக்கிறது. செல்களுக்கிடையே இறுக்கமான இணைப்புகள் உருவான பின் வெளி ஊடகத்தில் கலந்த உவாபயினால் அந்தப் பக்கத்தை எளிதில் அடைய முடியாது. குழியை முதலில் சுருங்கச் செய்து உவாபயினை உள்ளே போகவிட்டால்தான் மறுபடி விரிவது தாமதமாவதைக் காண முடிகிறது. இதற்கு மேல் சுண்டெலிக்கு இன்னொரு தனிக்குணமும் உண்டு. எலி, சுண்டெலி ஆகியவற்றின் ஆல்ஃபா-1 துணையலகில் உவாபயின் பற்றும் இடத்துக்கு அருகே 111, 122 ஆகிய இடங்களிலுள்ள அமினோ அமிலங்கள் மாறியிருப்பதால், அந்த நொதி மற்றப் பாலூட்டிகளின் நொதியைவிடப் பல நூறு மடங்கு எதிர்ப்புத்திறன் உடையது. எனவே ஒரே பெயருடைய நொதி என்பதால் ஒரே செறிவு எல்லா இனத்துக்கும் பொருந்தும் என்று எண்ணிவிட வேண்டாம்.

விலங்கியல் மாணவி:

இருவருக்கும் நன்றி. மணிக்கணக்கில் ஒப்பிடும் அட்டவணையைக் கட்டாயம் சேர்த்துக்கொள்கிறேன். லித்தியம் பற்றிய கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது. தடுப்பான் கொடுத்த பிறகு, தடுக்கப்பட்ட நொதியின் விளைபொருளைத் திரும்பக் கொடுத்துக் கருவை மீட்டெடுத்தால், அந்த நொதியே காரணம் என்பதற்கு அதைவிட வலுவான சான்று இருக்க முடியாது என்று எங்கள் வகுப்பில் சொல்லப்பட்டது. இனோசிட்டால் கொடுத்து லித்தியத்தின் விளைவைத் தடுத்ததாக ஒரு கட்டுரை இருக்கிறதே?

நொதியன்:

இருக்கிறது, பூசா, கிம்லிக் ஆகியோர் 1989-இல் வெளியிட்டது. லித்தியத்தின் கதை சுவையாவதே அந்தக் கட்டுரையால்தான். கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

லித்தியம் கருவின் வடிவத்தை மாற்றும் என்பது நொதிகளைப் பற்றி நாம் ஏதும் அறியாத காலத்துச் செய்தி. கர்ட் ஹெர்ப்ஸ்ட் 1892-இல், லித்தியம் கலந்த கடல்நீரில் வளர்ந்த கடல் முள்ளெலிக் கருக்களில் குடல் உள்நோக்கி மடியாமல் வெளியே பிதுங்குவதை விவரித்தார். தவளையில் காவோ, மசுய், எலின்சன் ஆகியோர் 1986-இல் 32 செல் நிலைக் கருக்களை 0.3 மோலார் லித்தியம் குளோரைடில் சில நிமிடங்கள் மட்டும் வைத்து எடுத்தபோது, முதுகுப்புறமும் தலையும் மிகுந்து, வால்பகுதி அற்ற கருக்கள் கிடைத்தன. புற ஊதாக் கதிரால் முதுகு அச்சை இழந்த கருக்களுக்கு லித்தியம் அச்சைத் திரும்பத் தந்தது. ஆக, கருவின் முதுகு எது, வயிறு எது என்று தீர்மானிக்கும் ஏதோவொரு பாதையில் லித்தியம் கை வைக்கிறது என்பது தெளிவாயிற்று.

எந்தப் பாதை? அப்போது அறிந்த இலக்கு இனோசிட்டால் மோனோபாஸ்பட்டேஸ். செல்லுக்குள் குறிப்பு கடத்தும் இனோசிட்டால் பாஸ்பேட்டுகளிலிருந்து இனோசிட்டாலை மீட்டெடுக்கும் நொதி அது. அதை லித்தியம் மில்லிமோலார் அளவிலேயே தடுக்கிறது. அதுவும் நொதியும் வினைபடுபொருளும் இணைந்த நிலையைப் பற்றிக்கொள்ளும் வகையான தடுப்பு என்பதால், பாதை எவ்வளவு மும்முரமாக ஓடுகிறதோ அவ்வளவுக்குத் தடுப்பும் வலுக்கும். மனநோய் மருந்தாக லித்தியம் செயற்படுவதையும் கருவில் செயற்படுவதையும் இந்த ஒரே கருத்தால் விளக்கலாம் என்று பெர்ரிட்ஜும் உடன் பணியாற்றியவர்களும் 1989-இல் முன்மொழிந்தார்கள். அதே ஆண்டில் பூசாவும் கிம்லிக்கும் இனோசிட்டாலைச் சேர்த்துச் செலுத்தி லித்தியத்தின் விளைவைத் தடுத்துக் காட்டினார்கள். அன்றைக்கு இருந்த சான்றுகளை வைத்துப் பார்த்தால் உங்கள் பழைய நூல் எழுதியது முறையானதே.

1996-இல் கிளைனும் மெல்ட்டனும் கேட்ட கேள்வி எளியது: காரணம் அந்த நொதி தடுக்கப்படுவதுதான் என்றால், லித்தியத்தோடு வேதியியல் உறவே இல்லாத, ஆனால் அதே நொதியை இன்னும் வலுவாகத் தடுக்கும் வேறொரு சேர்மமும் இதே விளைவைத் தர வேண்டுமல்லவா? அத்தகைய பிஸ்பாஸ்போனேட் வகைச் சேர்மம் ஒன்றைத் தவளைக் கருவுக்குள் செலுத்தினார்கள். நொதி தடுக்கப்பட்டது, கரு இயல்பாகவே வளர்ந்தது. அந்த ஒரு முடிவு இனோசிட்டால் விளக்கத்தின் அடித்தளத்தை அசைத்துவிட்டது. பிறகு அவர்கள் ஜி.எஸ்.கே.-3 கைனேஸைச் சோதித்தார்கள். ஏறத்தாழ 2 மில்லிமோலார் அளவில் லித்தியம் அதைத் தடுப்பது தெரிந்தது. இந்த நொதியைத் தேர்ந்தெடுத்ததற்கு முன்காரணம் இருந்தது. செயலிழந்த ஜி.எஸ்.கே.-3 புரதத்தை உருவாக்கும் தூது ஆர்.என்.ஏ.வைத் தவளைக் கருவின் வயிற்றுப்புறச் செல்களில் செலுத்தினால் இரண்டாவது உடலச்சு உருவாகிறது என்பதை அதற்கு முந்தைய ஆண்டிலேயே ஒன்றுக்கு மேற்பட்ட ஆய்வகங்கள் காட்டியிருந்தன. ஜி.எஸ்.கே.-3 இயல்பாகச் செய்யும் வேலை, பீட்டா-கேட்டினின் புரதத்துக்குப் பாஸ்பேட் சேர்த்து அதை அழிவுக்கு அனுப்புவது. அந்த வேலை நின்றால் பீட்டா-கேட்டினின் திரண்டு, உட்கருவுக்குள் சென்று, விண்ட் என்னும் செல்களுக்கிடையிலான குறிப்புப் புரதம் வந்ததைப் போலவே முதுகுப்புற மரபணுக்களை இயக்குகிறது.

இனி, உங்கள் வகுப்பில் சொன்ன விதிக்கு வருகிறேன். விளைபொருளைத் திரும்பக் கொடுத்து மீட்பது பயனுள்ள சான்றுதான். ஆனால் அதைவிட வலுவானது இல்லை என்பதை ஏற்க முடியாது. ஒரு பாதையைத் தூண்டிவிட்டு, வேறொரு பாதையில் ஏற்பட்ட பிறழ்ச்சியின் வெளித்தோற்றத்தை ஈடுகட்டுவது கருவில் அரிதன்று, ஏனெனில் அச்சை அமைக்கும் பாதைகள் கீழே எங்கேனும் சந்திக்கின்றன. என் கணிப்பில் சான்றுகளின் வலிமை இவ்வாறு ஏறும்: முதலில், ஒரே தடுப்பான் தரும் விளைவு, அதற்கு மேல், அமைப்பில் தொடர்பில்லாத இரண்டு தடுப்பான்கள் தரும் ஒரே விளைவு, அதற்கும் மேல், தடுப்பானால் பற்ற முடியாதபடி மாற்றப்பட்ட நொதியைக் கருவுக்குள் வைத்ததும் அந்த விளைவு மறைவது. கடைசியாகச் சொன்னது இருந்தால் ஐயத்துக்கு இடம் மிகக் குறைவு.

மரபணுவை நீக்கிப் பார்ப்பது எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். ஜி.எஸ்.கே.-3 அதற்கும் ஓர் எச்சரிக்கை. ஜி.எஸ்.கே.-3 பீட்டா மரபணுவை இழந்த சுண்டெலிக் கரு, கருவாழ்வின் நடுப்பகுதியில் கல்லீரல் செல்கள் மடிவதால் இறக்கிறது என்று 2000-இல் தெரிந்தது; உடலச்சு அமைவதில் அதற்குக் குறையேதும் இல்லை. காரணம், ஆல்ஃபா வடிவம் அந்த வேலையை ஏற்றுக்கொள்கிறது. லித்தியமோ பின்னாளில் வந்த சிர்-99021 போன்ற தெரிந்தெடுத்துத் தாக்கும் தடுப்பான்களோ இரண்டு வடிவங்களையும் ஒன்றாகத் தடுக்கின்றன. ஆகவே நீக்கத்தின் விளைவும் தடுப்பானின் விளைவும் வேறுபட்டால், தடுப்பான் வழிதவறியது என்று உடனே முடிவு கட்டிவிடக் கூடாது.

நேரம் பற்றியும் ஒன்று. இதே லித்தியத்தை இடைப் பிளாஸ்டுலா மாற்றத்துக்குப் பிறகு கொடுத்தால் தலை பெருப்பதில்லை. மாறாகத் தலைப்பகுதி குறைகிறது. தடுக்கப்படும் நொதி அதேதான், திரளும் புரதமும் அதேதான். ஆனால் செல்கள் அந்தப் புரதத்துக்கு அளிக்கும் பொருள் சில மணி நேரத்தில் மாறிவிட்டது.

ஆநிரைக் கருவியல்:

நொதியன் அவர்களின் வரிசையை ஏற்கிறேன், ஆனால் அது ஓர் இனத்துக்குள் மட்டுமே செல்லும். ஓரினத்தில் ஐயமற நிறுவிய முடிவும் அடுத்த இனத்தில் பொய்க்கலாம் என்பதற்கு செல்லுக்குள் வளர்ச்சிக் குறிப்புகளைக் கடத்தும் மெக் கைனேஸ் நல்ல சான்று. சுண்டெலிக் கருவை எட்டு செல் நிலையிலிருந்து மெக் தடுப்பானில் வளர்த்தால், பிளாஸ்டோசிஸ்டின் உட்செல் திரளில் கருவுணவுப்பைக்கு மூலமான உள்ளடுக்கு தோன்றுவதே இல்லை. திரள் முழுவதும் எதிர்கால உடலாகும் எபிபிளாஸ்ட்டாக மாறுகிறது. 2009, 2010-இல் வெளிவந்த இந்த முடிவுகள் மிகவும் தெளிவானவை. 2012-இல் இதையே பசுவிலும் மனிதக் கருவிலும் செய்து பார்த்தபோது, பசுவில் உள்ளடுக்குச் செல்கள் குறைந்தன, ஆனால் அற்றுப்போகவில்லை. மனிதக் கருவில் அந்த நிலைமைகளில் மாற்றமே தெரியவில்லை. கருத்தண்டு செல் வளர்ப்பில் புகழ்பெற்ற, மெக் தடுப்பானும் ஜி.எஸ்.கே.-3 தடுப்பானும் சேர்ந்த கலவை 2008-இல் சுண்டெலிக்கு வகுக்கப்பட்டது; மற்ற இனங்களில் அப்படியே பயன்படாமற்போனதில் வியப்பில்லை.

தடுப்பான் என்றாலே கேடு என்ற தொனி உங்கள் கட்டுரையில் வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குளோனிங்கில் உடற்செல்லின் உட்கருவை முட்டைக்குள் வைத்ததும், டி.என்.ஏ. சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களிலிருந்து அசெட்டைல் குழுக்களை நீக்கும் ஹிஸ்டோன் டிஅசெட்டிலேஸ் நொதிகளைத் தடுக்கும் டிரைக்கோஸ்டேட்டின்-ஏ சேர்மத்தைச் சில மணி நேரம் கொடுத்தால், குளோன் சுண்டெலிகள் பிறக்கும் விகிதம் பல மடங்கு கூடியது என்று 2006-இல் ஜப்பானில் கண்டறிந்தார்கள். 2018-இல் சீனாவில் அறிவிக்கப்பட்ட நீள்வால் மக்காக் குரங்குகளான ஜோங் ஜோங், ஹுவா ஹுவா ஆகியவற்றை உருவாக்கிய முறையிலும் இந்தச் சேர்மத்துக்குப் பங்கு உண்டு. அளவும் நேரமும் மிஞ்சினால் இதே சேர்மம் கருவைக் கெடுத்துவிடும். மாடுகளில் கிடைத்த முடிவுகளோ ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை.

விலங்கியல் மாணவி:

கடைசியாக ஒன்று மட்டும். "கரு நின்ற நிலையும், நொதி தேவைப்பட்ட நிலையும் வேறு வேறு" என்று ஜெனோபஸ்கூடம் அவர்கள் முதலில் எழுதியதைத் தடுப்பானைக் கொண்டே நேரடியாகக் காட்டிய சோதனை ஏதேனும் உண்டா? ஆல்ஃபா-அமானிட்டினைக் கழுவி நீக்கிப் பார்த்திருக்கிறார்களா?

ஜெனோபஸ்கூடம்:

ஆல்ஃபா-அமானிட்டின் அதற்கு ஏற்றதன்று. அது நொதியை விட்டு எளிதில் விலகுவதில்லை. போதாதற்கு, பற்றப்பட்ட பாலிமரேஸின் பெரிய துணையலகே செல்லுக்குள் சிதைக்கப்பட்டுவிடுகிறது. கழுவினாலும் உடனே வேலை தொடங்காது.

நீங்கள் தேடுவது டி.ஆர்.பி. என்னும் சேர்மத்தைக் கொண்டு செய்த சோதனை. அது பாலிமரேஸ்-2-ஐ நேரடியாகத் தொடுவதில்லை. படியெடுத்தல் நீள்வதற்கு அந்தப் பாலிமரேஸின் வாலில் பாஸ்பேட் சேர்க்கும் கைனேஸைத் தடுக்கிறது, கழுவினால் நீங்கிவிடுகிறது. 2018-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் சுண்டெலிக் கருவுக்கு ஒரு செல் நிலையின் நடுவிலிருந்து இரண்டு செல் நிலையின் தொடக்கம் வரை மட்டும், அதாவது அந்தச் சிறிய முதல் படியெடுத்தல் நிகழும் இடைவெளியில் மட்டும், டி.ஆர்.பி. கொடுத்துவிட்டுக் கழுவி நீக்கினார்கள். படியெடுத்தல் மீண்டும் தொடங்கியபோதும் பெரும்பாலான கருக்கள் இரண்டு செல் நிலையைத் தாண்டவில்லை. தேவைப்பட்டது ஒரு செல் நிலையின் பிற்பகுதியில் நடந்த படியெடுத்தல்; அதன் இழப்பு வெளியே தெரிந்ததோ இரண்டு செல் நிலையில். கட்டுரையில் ஆல்ஃபா-அமானிட்டின் பத்திக்கு அடுத்தே இதை வையுங்கள்.

இந்தச் சோதனையை விவரிக்கும்போது ஒப்பீட்டுத் தொகுதி பற்றி ஒரு வாக்கியம் கட்டாயம் வேண்டும். சுண்டெலியின் சில மரபுவழிகளில், தடுப்பான் ஏதும் இல்லாமலே, பழைய ஊடகங்களில் வளர்த்த கருக்கள் இரண்டு செல்லில் நின்றுவிடும். குளுக்கோஸை நீக்கிக் குளூட்டமினைச் சேர்த்த சி.இசட்.பி. ஊடகம் 1989-இல் வந்த பிறகுதான் அந்தத் தடை பெருமளவில் நீங்கியது. அதற்கு முந்தைய கட்டுரைகளிலிருந்து இரண்டு செல் நிறுத்தத்தை மேற்கோள் காட்டும்போது, தடுப்பான் பெறாத கருக்களில் எத்தனை அந்த நிலையைத் தாண்டின என்ற எண்ணையும் சேர்த்தே எடுத்து எழுதுங்கள்.